இடது காது

என் தகப்பனாருக்கு 82 பிராயம். சென்ற தை மாதத்தில் ஒரு நாள், "இடது காது போய்விட்டதடா, இனிமேல் எனக்குச் சங்கீதம் எதற்கு?" என்று சொல்லி, 1984-ல் ஆசையோடு வாங்கிய ஆம்ப்ளிஃபயரின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி மூடிவிட்டார். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கிற நானும் அதை அப்படியே நம்பினேன். வயோதிகர் குறை சொன்னால், யந்திரத்தைச் சோதிக்க வேண்டுமென்று யாருக்குத் தோன்றுகிறது?

ஒரு மாதம் வீடு மௌனமாயிருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டை எடுத்துவிட்டு நானே கேட்டுப் பார்த்தேன். எனக்கும் இடது காது போயிருந்தது! ஓசையைத் தணித்து வைத்தால் இடப்புறத்து ஒலிபெருக்கி மங்கிக் கரகரத்தது. உயர்த்தியதும், ஒன்றும் நடவாததுபோல் திரும்பி வந்தது.

இந்தக் குணமே குற்றவாளியைக் காட்டிக் கொடுத்தது. மின்சாரம் போட்ட சில விநாடிகளில் உள்ளே 'டக்'கென்று கேட்கிறதல்லவா? அதுதான் ஒலிபெருக்கியை இணைக்கும் 'ரிலே' என்ற ஸ்விட்ச். நாளடைவில் அதன் தொடுமுனைகள் கறுத்து, மெல்லிய ஏடு ஒன்று படிந்துவிடுகிறது. உரத்த ஒலியின் மின்னழுத்தம் ஏட்டைத் துளைத்துக்கொண்டு போகும். மெல்லிய ஒலிக்கு அந்தச் சக்தி ஏது? 8 ஓம் ஒலிபெருக்கிக்கு முன்னால் 0.1 ஓம் தடை நிலையாக நின்றால் காது அதை அறியாது. ஆகவே, விலையுயர்ந்த ஸ்விட்சினால் சங்கீதமே மெருகேறும் என்பாரை நான் நம்புவதில்லை. தடை நிலையாக நில்லாமல் ஒலிக்குத் தக்கபடி மாறும்போதுதான் விபரீதம்.

சென்னை ரிச்சித் தெருவில் புது ரிலே வாங்கிப் பற்றவைத்தாயிற்று.

அத்துடன் நின்றிருக்கலாம். 'டிரெபிள்' குமிழ் வலக்கோடி வரை திருகியிருப்பதைக் கண்டு, அதை நடுவில் கொண்டுவந்து வைத்தேன். 1952-ல் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வெளியிட்ட அமைப்பைத் தழுவியவையே இத்தகைய குமிழ்களில் பெரும்பாலானவை. நடுவில் வைத்தால் கூட்டலுமில்லை, குறைத்தலுமில்லை. பதிவு செய்தபடியே கேட்பதுதான் நியாயம் என்பது என் கட்சி.

பட்டம்மாள் பாடத் தொடங்கினார். அப்பா சற்று நேரம் கேட்டார்.

"பாட்டு வருகிறது, எழுத்து வரவில்லையே! பட்டம்மாளா இப்படி விழுங்கிப் பாடுவார்?"

முதுமையில் முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகள். மெய்யெழுத்துக்களின் கூர்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்! பேசாமல் குமிழைப் பழையபடி வலக்கோடிக்குத் திருப்பினேன்.

"இப்போது சரி," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குத்தான் அந்தக் கூச்சல் தாங்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டேன்.