வைஃபை ஐகானே காணோமா?

அடையாறு காந்தி நகரில் மேல் வீட்டு மாமா கூப்பிட்டார். "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்பா, நெட் வரமாட்டேங்குது!" லேப்டாப்பில் வைஃபை ஐகானே இல்லை. ரௌட்டர் பாவம், ஒன்றும் செய்யவில்லை. சிஸ்டத்துக்கு நெட்வொர்க் அடாப்டரே தெரியவில்லை.

முதலில் டிவைஸ் மேனேஜர். மஞ்சள் முக்கோணம் இருந்தால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. பெயரே இல்லையென்றால் பயாஸில் அணைத்து வைத்திருக்கலாம், கார்டு லூசாகியிருக்கலாம், செத்தும் போயிருக்கலாம். கடற்காற்று அடிக்கும் ஏரியாவில் கான்டாக்ட் அரித்துப்போவதும் உண்டு.

மாமா லேப்டாப்பில் பெயரே இல்லை. ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். ஆன் செய்ததும் ஐகான் வந்துவிட்டது! விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருப்பதால் வெறும் ஷட் டவுன் முழு ஓய்வு ஆகாது, ரீஸ்டார்ட்தான் முழுசு.

டிரைவர் இறக்கவே நெட் இல்லையா? போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடுங்கள். எதற்கும் மசியவில்லையென்றால், ரிச்சி தெருவில் கட்டைவிரல் அளவு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் கிடைக்கும். அதைப் போட்டுப் பார்க்காமல், "போர்டு மாத்தணும் சார்" என்று ரிப்பேர்காரர் சொன்னால் தலையாட்டாதீர்கள்.