110

அயோவாவில் மே மாதம் பிறந்துவிட்டால் வாரம் ஒரு தடவையாவது புல்லை வெட்டியாக வேண்டும். மழை பெய்தால் அதுவும் போதாது. ஒரு ஏக்கருக்கு மேல் மனை இருந்தால் தள்ளிக்கொண்டு நடக்கும் மோவரால் ஆகாது; உட்கார்ந்து ஓட்டும் வண்டிதான் வேண்டும். எங்கள் வீட்டுக்கு அப்படி வந்த வண்டிகள் ஒன்றைவிட ஒன்று மேலானவை. ஆனாலும் மனம் முதல் வண்டியைத்தான் தேடுகிறது.

அது ஜான் டியர் 110. அந்த நிறுவனம் 1963இல் விஸ்கான்சினின் ஹோரிகான் ஊரில் செய்யத் தொடங்கிய தோட்ட டிராக்டர். வீட்டை எங்களுக்கு விற்ற பெரியவர் அதைக் கொட்டகையிலேயே விட்டுப்போனார். சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. ஒரு மதியம் முழுக்கப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். சோக்கை எவ்வளவு இழுப்பது, எஞ்சின் பிடித்ததும் எப்படி மெல்ல விடுவது, பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம் என்று எல்லாம். எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரே பிறகு ஜெனரேட்டராகிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் என்பதை அவர் காட்டியபோது எனக்கு அப்படியொரு வியப்பு. வார்ப்பிரும்பில் செய்த ஒற்றைச் சிலிண்டர் கோலர் எஞ்சின். மூடியைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கணினித் திரையிலேயே காலம் கழித்த நான் ஓர் இயந்திரத்தைப் பிரித்து, துடைத்து, மறுபடி மாட்டி, அது உறுமக் கேட்டது அப்போதுதான்.

1994இல் இதே அயோவாவின் லாரன்ஸ் ஊரிலிருந்து ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற 73 வயதுக்காரர், நோயில் விழுந்த அண்ணனைப் பார்க்க விஸ்கான்சினின் மவுண்ட் சயன்வரை சுமார் 240 மைல் போனார். பார்வை மங்கியதால் அவருக்குக் கார் உரிமம் இல்லை. பயணத்தை முடித்துக்கொடுத்தது 1966ஆம் ஆண்டு 110 ஒன்றுதான். டேவிட் லிஞ்ச் 1999இல் அதைப் படமாக எடுத்தார். அந்த இருக்கையில் உட்கார்ந்து பழகியவருக்கு அந்தப் பயணம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றாது. நடையைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். வேலியோரத்துப் பறவைக் கூடு, மேப்பிள் மரத்தின் பட்ட கிளை, எதுவும் கண்ணுக்குத் தப்பாது.

எங்கள் 110இன் அடியில் கத்தி சுழலும் தட்டு துருவேறி ஓட்டையானதும், பழைய டிராக்டர்களைப் புதுப்பிக்கும் ஓர் இளைஞர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார். பிறகு வந்தது ஹைட்ரோஸ்டாட்டிக். கியர் மாற்றும் வேலையே இல்லை. அதற்குப் பின் இரண்டு நெம்புகோல் பிடித்து நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. இப்போது இருப்பது பேட்டரி வண்டி. புகை இல்லை, பக்கத்து வீட்டாரின் தூக்கம் கெடுவதில்லை. கலிபோர்னியா 2024 மாடல் முதல் புதிய சிறு பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்குக் கதவடைத்ததில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் இந்தப் பேட்டரி வண்டி நின்றுபோனால் நான் செய்ய ஒன்றுமில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி. டீலரைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

சூடான எண்ணெயும் ஈரப்புல்லும் கலந்த அந்த வாசம், விரல் நகத்தில் தங்கிய கிரீஸ், சனிக்கிழமை காலையில் ஒரு ஸ்பேனரோடு கொட்டகைக்குப் போகும் உற்சாகம், இவையெல்லாம் அந்த டிரெய்லரோடு போய்விட்டன.

உங்கள் கொட்டகையில் 110 ஒன்று நின்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கார்பரேட்டர், பாயிண்ட், பெல்ட் எல்லாம் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன.