புள்ளி விழுந்த வாழைப்பழம்

அம்பர்நாத் ஸ்டேஷனை விட்டு இறங்கினால் வடா பாவ் வாசனை. சீலியாக் நோயுள்ள ஒரு தமிழ்ச் சிறுவனுக்கு அது ஆகாது: கோதுமையின் குளூட்டன் அவன் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைத்துவிடும்.

அவனுக்கு மாலைத் தீனி பழம்தான். புள்ளி விழுந்த வாழைப்பழத்தை அம்மா மசிக்கிறார். குடல் தேறும்வரை ஆப்பிளைத் தோல் சீவி, விதை நீக்கி, இட்லிப் பானையில் வேகவைக்கிறார். ரொட்டி வெட்டிய கத்தி இதில் படக் கூடாது. தெருவில் விற்கும் பழத் துண்டுகளுக்கும் தடை. தூவும் சாட் மசாலாவில் பெருங்காயம் இருக்கலாம். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

"அதான் உடம்பு தேறிடுச்சே, ஒரு வாய் சப்பாத்தி குடுத்தா என்ன?" என்கிறார் பாட்டி.

டாக்டர்களே இப்படி ஏமாந்ததுண்டு. நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் 1924இல் வாழைப்பழ உணவுமுறையால் குழந்தைகளைத் தேற்றினார். பழமே குணமாக்கியது என்று நம்பினார். 1944-45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி அரிதானபோது இக்குழந்தைகள் தேறினர். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. டாக்டர் வில்லெம் டிக்கேவுக்குக் கோதுமைமீது இருந்த சந்தேகம் உறுதியானது.

ஆக, பழம் மருந்தல்ல. ஆயுள் முழுக்கக் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை. பழத்தால் ஆவது ஒன்றுதான்: நண்பர்கள் வடா பாவைக் கடிக்கும்போது அவன் கையும் காலியாக இல்லை.