திறவுகோலும் உரிமையும்

தாம்பரத்திலிருந்து கல்லூரிக்கு மின்தொடர் வண்டியில் வந்து போவது எம் இருபதாண்டு வழக்கம். ஒரு மாலை, வண்டி குரோம்பேட்டையைக் கடக்கையில், மறைந்த எம் மூத்த பேராசிரியரின் மகன் கைப்பேசியில் அழைத்தார். "சார், வாப்பா நடத்திய பாடங்களைக் கேட்கவேண்டுமென்று உம்மா ஆசைப்படுகிறார்கள். கிடைக்குமா?" என்றார்.

2020 ஆம் ஆண்டின் ஊரடங்கில் வகுப்பறைகள் மூடிக்கிடந்தபோது, அப்பெருமகனார் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து சீறாப்புராணத்தைப் பன்னிரண்டு உரைகளாக நடத்தினார். அவை கல்லூரியின் காணொளித் தளத்தில் ஏற்றப்பெற்றன. மறு ஆண்டு அவர் எம்மைப் பிரிந்தார். கல்லூரிக் கணக்கின்வழி உள்நுழைவோர் மட்டுமே அவ்வுரைகளைக் காணலாம், பதிவிறக்கவோ வழியில்லை. குடும்பத்தாருக்குக் கதவு திறக்கவில்லை. பழைய காணொளிகள் ஆண்டிறுதியில் நீக்கப்படும் என்னும் அறிவிப்பும் வந்திருந்தது.

பெருங்களத்தூரிலிருந்து வரும் எம் முதுகலை மாணவர் ஒருவர் வழி சொன்னார். ஒய்டி-டிஎல்பி என்னும் கட்டளைவரிக் கருவி அது. 2006 இல் தோன்றிய யூடியூப்-டிஎல் என்னும் நிரலிலிருந்து கிளைத்தது. அம்மூல நிரல், அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் முறையிட்டமையால் 2020 அக்டோபரில் கிட்ஹப் தளத்தினின்று நீக்கப்பெற்று, நவம்பரில் மீண்டும் இடம்பெற்ற வரலாறு உடையது.

அக்கருவி பூட்டை உடைப்பதில்லை. நாம் உள்நுழையும்போது, நம்மை அடையாளங்காணும் குக்கி என்னும் சிறு குறிப்பைத் தளம் நம் உலாவியில் வைக்கிறது. கருவி அதனைக் காட்டி, நம் பெயரால் காணொளியைக் கேட்டுப் பெறுகிறது. உலாவியிலிருந்து குக்கியை நேரே எடுக்குமாறு ஒரு கட்டளையிலேயே சொல்லிவிடலாம். தனிக் கோப்பாக எடுத்தும் கொடுக்கலாம்.

மாணவர் இரண்டாம் வழியை மேற்கொண்டார். எம் குக்கிக் கோப்பைத் துறையின் பொதுக் கணினியில் வைத்து, "நாளை முடித்துவிடலாம், ஐயா" என்று விடைபெற்றார். இரவில்தான் எமக்கு உறைத்தது. கடவுச்சொல் அறியாதவரும் அக்கோப்பைக் கொண்டு எம் கணக்கினுள் புகலாம். மாணவர்தம் மதிப்பெண்களும் வினாத்தாள் வரைவுகளும் அங்கேதான் இருந்தன. உறக்கம் வரவில்லை. விடியலில் முதல் வண்டியேறிச் சென்று கோப்பை அழித்தோம், எல்லாக் கருவிகளிலும் கணக்கினின்று வெளியேறினோம், கடவுச்சொல்லையும் மாற்றினோம். பிழை மாணவருடையதன்று, கேட்காமல் கொடுத்த எம்முடையதே.

அன்றுதான் மற்றொன்றும் விளங்கிற்று. பார்க்கும் அனுமதி வேறு, படியெடுக்கும் உரிமை வேறு. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், தனிப்பட்ட பயன்பாட்டிற்கும் ஆராய்ச்சிக்கும் நேர்மையான கையாளுகையை ஏற்கிறது. 2012 இல் சேர்ந்த 65அ பிரிவோ, உரிமையை மீறும் நோக்கில் தொழில்நுட்பக் காப்பைக் கடப்பதைத் தண்டிக்கிறது. ஆகவே முதல்வரிடம் எழுத்துவழி இசைவு வேண்டினோம். குடும்பத்தாரின் இசைவையும் பெற்றோம். பின்னர் எம் சொந்தக் கணினியில், குக்கியைத் தனிக் கோப்பாக்காமலே, பன்னிரண்டு உரைகளையும் இறக்கினோம். ஒரு படி துறை நூலகத்திற்கு, ஒரு படி அவர் இல்லத்திற்கு.

ஏட்டுச் சுவடியில் இருந்த சீறாப்புராணத்தைச் சேகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் 1842 இல் அச்சேற்றியிராவிடின், இன்று எம் கையில் அந்நூல் எந்நிலையில் இருந்திருக்குமோ! காப்பதற்காகப் படியெடுத்தல் நம் மரபுக்குப் புதிதன்று. ஆயினும் பிறர் ஏட்டைக் கேட்டு வாங்கிப் படியெடுத்தபின் திருப்பித் தருதலும் அம்மரபின் பகுதியே. நம்பி ஒப்படைக்கப்பெற்றது அமானிதம். உள்நுழையும் குறிப்பும் அத்தகையதே.

மாணவச் செல்வங்களே, கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். யாருடைய பொருள், யார் இசைவு தந்தார் என்னும் இரு வினாக்களை அதற்கு முன்னரே கேளுங்கள்.

தாம்பரத்து இல்லத்தில் முதல் உரையை ஒலிக்கச் செய்தபோது யாமும் உடனிருந்தோம். உரை முடிவில் அவர் வழக்கம்போல், "ஐயம் உண்டா?" என்று கேட்டுச் சற்றே காத்திருந்தார். அம்மையார் கண்களைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடுங்க, தம்பி" என்றார்.