பாடசாலை ஹாட் டிஸ்க்கும் உங்கள் வீட்டுப் படங்களும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. 2016 இல் எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்கு வீட்டில் இருந்த பழைய படங்களைத் தந்தவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்களும் வாசித்தால் நல்லது. உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கும்.

அந்தக் கண்காட்சி பலருக்கு நினைவிருக்கும். "இடம்பெயர்வுக்கு முந்தின படம் ஏதும் இருந்தால் கொண்டு வாங்கோ, ஸ்கான் பண்ணிவிட்டு அப்பவே திருப்பித் தருவோம்" என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினோம். பத்து இருபது வரும் என்றுதான் நினைத்தோம். நானூறுக்கு மேல் வந்தது. புலோப்பளை, தர்மக்கேணி, சோரன்பற்று, இயக்கச்சி, மாசார் என்று எல்லாப் பக்கமிருந்தும். காணி உறுதியோடு ஒரே பொலித்தீன் பைக்குள் சுற்றி, 2000 இல் இங்கிருந்து கிளம்பி, வன்னியெல்லாம் அலைந்து, முள்ளிவாய்க்கால் கடந்து, மெனிக் பாம் முகாமில் கிடந்து திரும்பி வந்த படங்கள். ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை, பாதியைக் கறையான் தின்றவை. பளை ரயில் நிலைய மேடையில் ஒரு குடும்பம் நிற்கும் படமும் வந்தது. 1990 இல் நின்ற ரயில் 2014 மார்ச்சில் பளை வரை திரும்பி வந்தபோது அந்தக் குடும்பத்தில் இருவர்தான் மிச்சம் என்று படத்தைத் தந்த ஐயா சொன்னார்.

எல்லாவற்றையும் ஸ்கான் செய்து, கோப்பின் பெயராக ஆட்களின் பெயரையும் ஊரையும் அடித்து, ஒரு வெளி ஹாட் டிஸ்க்கில் போட்டு வைத்தோம். கொம்பியூட்டரிலும் ஒரு பிரதி இருந்தது. பிறகு அந்தக் கொம்பியூட்டருக்குப் புது வின்டோஸ் போட்டபோது அது அழிந்தது. "ஹாட் டிஸ்க்கில் இருக்குத்தானே" என்று அன்றைக்கு அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிழை அங்கே தொடங்கியது, அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆசிரியர் அறையில் தவணைப் பரீட்சைத் தாளைக் கொப்பி பண்ணிவிட்டு அதே டிஸ்க்கைச் சடாரென்று இழுத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடியவர்களும் நாங்கள்தான்.

போன தவணை ஓர் அம்மா வந்தார். மகனின் படம் வேண்டும் என்றார். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இருக்கத் தொடங்கினார்களே, அங்கே மகனின் ஒரே படத்தை லமினேற் பண்ணிப் பிடித்துக்கொண்டு இருந்தவர் அவர். வெயிலில் முகம் வெளிறி, இப்போது வெள்ளைத் தாள் மாதிரி இருக்கிறது. "ரீச்சர், அந்தப் பெட்டிக்குள்ள என்ர பிள்ளையின்ர படம் இருக்கெல்லே?" என்று கேட்டார்.

"இருக்கு அம்மா, இப்பவே பிரிண்ட் எடுத்துத் தாறம்" என்று அலுமாரியைத் திறந்து டிஸ்க்கை எடுத்துச் செருகினோம். நீல விளக்கு எரிந்தது. கொம்பியூட்டர் ஒரு சத்தம் போட்டது, உடனேயே மற்றச் சத்தமும் போட்டது. திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி செருகினோம். அதே கதை. அம்மா வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் சரியில்லை, நாளைக்கு வாங்கோ என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டோம்.

அதன் பிறகு செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். இதே நிலை உங்களுக்கு வந்தால் எங்களைவிடக் குறைவாகத் தடுமாறுவீர்கள்.

டிஸ்க்கைக் காதோடு வைத்துக் கேட்டோம். உள்ளே தட்டு சுழலத் தொடங்கி, "டிக்" என்று நின்று, மறுபடி தொடங்கியது. அப்படிக் கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தை. இந்தச் சின்ன டிஸ்க்குகளுக்குத் தனிக் கரண்ட் வயர் கிடையாது, யூ.எஸ்.பி துளையில் வருவதுதான் சாப்பாடு. பழைய யூ.எஸ்.பி 2 துளை 500 மில்லியம்பியர் தரும், உள்ளே நீல நிறம் தெரியும் யூ.எஸ்.பி 3 துளை 900 தரும். சுழலத் தொடங்கும் நேரத்தில்தான் டிஸ்க்குக்கு அதிகம் தேவை. டெஸ்க்டொப்பின் முன்பக்கத் துளைகள் உள்ளே ஒரு நீள வயரால் வருவதால் பல நேரம் பலவீனமாக இருக்கும். பின்பக்கத் துளை மதர்போர்டிலேயே இருக்கிறது. நடுவில் யூ.எஸ்.பி பெருக்கிப் பெட்டி வைத்திருந்தால் அதையும் கழற்ற வேண்டும். பின்பக்கம் செருகியபோது டிக் சத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

அடுத்தது கேபிள். டிஸ்க் பக்கத்து அகலமான முனை ஆடிக்கொண்டிருந்தது. வேறு கேபிள் தேடி இரண்டு நாள் அலைந்து, கடைசியில் பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் வீட்டிலிருந்து கொண்டு வந்தான். அதைப் போட்டதும் டிஸ்க் சீராகச் சுழன்றது. எழும்பிக் கை தட்டாத குறை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முன் போர்மட் செய்ய வேண்டும், செய்யவா?

இந்த இடத்தில்தான் நிறையப் பேரின் படங்கள் போகின்றன. கொம்பியூட்டர் மரியாதையாகக் கேட்கிறது, நாங்களும் "ஓம்" என்று அமத்திவிடுகிறோம். அமத்த வேண்டாம். வேண்டாம் என்று மூடிவிட்டு, ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து, டிஸ்க் மனேஜ்மென்ட் என்பதைத் திறந்து பாருங்கள். அங்கே டிஸ்க் நல்லபடி தெரிந்து, எழுத்து மட்டும் இல்லாமல் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஓர் எழுத்தைக் கொடுத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். அங்கேயும் தெரியவே இல்லை என்றால் பிரச்சினை இன்னும் கேபிளிலோ துளையிலோ டிஸ்க்கின் பலகையிலோ இருக்கிறது. "இனிஷியலைஸ்" செய்யச் சொன்னால் அதையும் தொட வேண்டாம். எங்களுக்கு "ரோ" என்று காட்டியது. டிஸ்க் இருக்கிறது, அதில் உள்ளதை வாசிக்க வழி தெரியவில்லை என்று அர்த்தம்.

எங்கள் கணினி சேர் இதை இடாப்பை வைத்து விளங்கப்படுத்தினார். டிஸ்க்கின் ஒரு பகுதியில் எந்தக் கோப்பு, என்ன பெயர், எந்த இடத்தில் என்று ஓர் இடாப்பு எழுதியிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ, டிஸ்க்கை இழுத்தெடுத்தாலோ முதலில் கெடக்கூடியது அதுதான். வரவு இடாப்பு கிழிந்துபோனால் வகுப்பில் பிள்ளைகள் இல்லை என்றாகாது. பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆர் எவர் என்று தெரியாது, அவ்வளவுதான்.

நகரத்தில் ஒரு கடையில் கேட்டோம். "போர்மட் பண்ணிப்போட்டு சொப்ட்வெயார் போட்டு எடுக்கலாம்" என்றார்கள். டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். நோயாளி டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதக் கூடாது. வின்டோஸில் பிழை திருத்தும் செக்டிஸ்க் கட்டளையும் எழுதும் வேலைதான் செய்கிறது. நல்ல டிஸ்க்குக்கு அது மருந்து, சாகிற டிஸ்க்கில் இருப்பதையும் குழப்பிவிடும். பொலித்தீனில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். உள்ளே ஈரம் பிடித்தால் முடிந்தது. பெட்டியை உடைத்து வேறு பெட்டியில் போடலாம் என்றும் சிலர். சில டிஸ்க்குகளில் யூ.எஸ்.பி முனை பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் தரவு தானாகவே பூட்டி எழுதப்பட்டிருக்கும், அந்தப் பலகை இல்லாமல் திறக்காது. கொழும்பில் இதற்கென்றே இருக்கும் இடமொன்றில் விசாரித்தோம். சொன்ன தொகை எங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

அதிபர், "பழசை விடுங்கோ, புதுசு ஒண்டு வாங்குவம்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எங்களால் விட முடியவில்லை. எங்கள் குடும்பக் கதை தெரிந்தவர்களுக்குக் காரணம் தெரியும். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆட்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். சோனகதெருவில் இருந்து உடுத்த உடுப்போடு கிளம்பிப் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். கலியாணப் படம் எடுத்தீங்களா என்று கேட்டால், "எடுத்தது, சுவரில தொங்கினது" என்று உம்மா சொல்வார். பிறகு ஒன்றும் சொல்ல மாட்டார். வாப்பாவின் இளவயது முகம் எப்படி இருந்தது என்று எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியாது. பழைய கதையைக் கிளறி யாரையும் நோகடிக்க இதை எழுதவில்லை. ஊர் தந்த நானூறு படம் எங்கள் கையில் போவதை ஏன் தாங்க முடியவில்லை என்று சொல்ல வேறு வழி தெரியவில்லை.

ஆசிரியர்கள் காசு சேர்த்து, பழையதைவிடப் பெரிய புது டிஸ்க் ஒன்று வாங்கினோம். உபுண்டுவைப் பென் ட்ரைவில் போட்டு லப்டொப்பைத் தொடக்கி, டிடிரெஸ்கியூ என்ற இலவச நிரலை ஓட்டினோம். அது பழைய டிஸ்க்கில் எதையும் எழுதாது. வாசிக்கக்கூடிய இடங்களை முதலில் அள்ளிப் புது டிஸ்க்குக்கு மாற்றும், கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வந்து முயலும். எது முடிந்தது, எது மிச்சம் என்று ஒரு குறிப்புக் கோப்பும் எழுதிக்கொண்டே போகும், அதனால் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். கரண்டும் இரண்டு தரம் போனது. ஆசிரியர் விடுதியில் யூபிஎஸ் ஒன்றைக் கடன் வாங்கி வைத்து மூன்று இரவு, இரண்டு பகல் ஓடியது. சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் முதலில் கண் போவது அந்தத் திரைக்குத்தான். வெளியே காற்றாலைச் சிறகுகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், உள்ளே எண் ஒவ்வொன்றாக ஏறும்.

நூற்றுக்கு நூறு ஏறவில்லை. சில பகுதிகள் வாசிக்கவே முடியாமல் நின்றுவிட்டன.

பிறகு அந்தப் பிரதியில்தான் தேடினோம், பழையதைத் தொடவில்லை. டெஸ்ட்டிஸ்க் என்ற நிரலால் இடாப்பைத் திருத்தப் பார்த்தோம், சரிவரவில்லை. அதன் கூடவே வரும் ஃபோட்டோரெக் இடாப்பைப் பார்ப்பதில்லை. டிஸ்க் முழுக்கத் தடவி, படம் என்றால் எப்படித் தொடங்கும் என்று அதற்குத் தெரியும், அப்படித் தொடங்குவதையெல்லாம் பிடித்து வெளியே போடும். ஆயிரக்கணக்கில் போட்டது. இல்ல மெய்வல்லுநர் போட்டி, வினாத்தாளுக்கு எடுத்த தவளைப் படம், யாரோ பதிந்து வைத்த காலை வணக்க ரோஜாப்பூக்கள். (எத்தனை ரோஜா! யார் என்று தெரியும், பெயர் சொல்லவில்லை.) அவற்றுக்கு நடுவே ஒவ்வொன்றாக உங்கள் வீட்டு ஆட்கள் வந்தார்கள். ரயில் மேடையில் நின்ற குடும்பம் முழுதாக வந்தது. சிலருக்குப் பெரிய படம் போய், நகம் அளவு சிறு பிரதி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். 2005 முதல் நூலகம் என்ற இணைய நூலகத்தில் எங்கள் ஆட்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து எல்லோரும் வாசிக்கத் திறந்து வைத்திருப்பதையும் காட்டுகிறோம். அதே நாங்கள் ஊர்ப் படங்களை ஒரேயொரு பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்திருக்கிறோம். இப்போது மூன்று பிரதி இருக்கிறது. ஒன்று பாடசாலையில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசிரியர் வீட்டில். தவணைக்கு ஒரு தரம் செருகித் திறந்து பார்ப்பதென்றும் முடிவு.

அந்த அம்மாவின் மகனும் வந்தான். படத்தின் மேல் பாதி நல்ல துலக்கம். கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறம், அந்தப் பகுதி கெட்ட இடத்தில் இருந்திருக்கிறது. காட்டுவதா விடுவதா என்று ஒரு நாள் யோசித்தோம். பிறகு அவரைக் கூப்பிட்டு, முதல் நாள் கரண்ட் பொய்யையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரையில் காட்டினோம். கிட்டப் போய்ப் பார்த்தார். "முகம் இருக்குத்தானே பிள்ளை, காணும்" என்றார். சாம்பல் பகுதியை வெட்டிப் பிரிண்ட் எடுத்தோம், நான்கு பிரதி. இனிமேல் லமினேற் பண்ணினதை மட்டும் வெளியே கொண்டுபோங்கோ, மற்றதைப் பெட்டிக்குள் வையுங்கோ என்று சொல்லி அனுப்பினோம்.

இனி உங்களிடம் கேட்பது. படங்கள் வந்துவிட்டன, பெயர்கள் வரவில்லை. நாங்கள் அடித்து வைத்த பெயர்கள் இடாப்போடு போய்விட்டன. பெயர்ப் பட்டியல் இருந்த எக்செல் கோப்பைத் திறந்தால் எழுத்துக் குப்பையாக இருக்கிறது. இப்போது ஒவ்வொரு படத்துக்கும் பெயர் ஓர் எஃப் எழுத்தும் நீள இலக்கமும்தான். இதை எந்த நிரலாலும் சரிசெய்ய முடியாது, அந்த முகங்களைத் தெரிந்தவர்கள் வந்தால்தான் முடியும்.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து மத்தியானம் வரை பாடசாலை மண்டபத்தில் எல்லாப் படத்தையும் பெரிய திரையில் காட்டப் போகிறோம். படம் தந்தவர்கள் மட்டுமல்ல, அயலட்டையில் இருந்தவர்களும் வாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், உங்கள் வீட்டுப் படத்தை மட்டும் தனியாக அனுப்புகிறோம். அனுமதி கேட்காமல் ஒரு படத்தையும் இங்கே பொதுவில் போட மாட்டோம். பென் ட்ரைவ் கொண்டு வந்தால் உங்கள் படத்தின் பிரதியைக் கையோடு கொண்டுபோகலாம். வீட்டில் வயதான ஆட்கள் இருந்தால் ஓட்டோ பிடித்தாவது கூட்டிக்கொண்டு வாருங்கள், கண்ணாடியை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.