படத்தில் நின்ற மரங்கள்

மரத்தை ஓவியன் எழுதுவது ஒருவகை. நில அளவைப் படத்தில் குறிப்பது மற்றொரு வகை. ஓவியன் கிளையும் தழையும் நிழலும் காட்டி, இஃது ஆல், இது வேம்பு என்று கண்டார் உணரச் செய்வான். அளவைப் படத்திலோ எல்லா மரமும் ஒரு வட்டமும் நடுவே ஒரு புள்ளியுமேயாம். முதிர்ந்த ஆலுக்கும் சென்ற மாரியில் நட்ட புங்கங்கன்றுக்கும் அங்கே உருவத்தால் வேற்றுமை இல்லை. வேற்றுமை முழுதும் வட்டத்தின் அருகே எழுதப்படும் சில சொற்களில் அடங்கிக் கிடக்கின்றது. கணிப்பொறியில் ஆட்டோகேட் கொண்டு படம் வரைவார் பலர் அச்சொற்களைத் திருத்துவதைக் கடைநிலை வேலையாகக் கருதுவர். எம் கல்லூரி வளாகத்து மரங்களைக் கணக்கெடுத்த யாம் அங்ஙனம் கருதுமாறில்லை.

ஓருருவை ஒருமுறை வரைந்து பலவிடத்தும் நடுதல் புதிய எண்ணமன்று. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்பார் அமைத்த ஸ்கெட்ச்பேட் என்னும் வரைகருவியிலேயே, தலைமையுருவை மாற்றின் அதன் படிகளெல்லாம் உடன் மாறும் ஏற்பாடு இருந்தது. 1982-இன் இறுதியில் வெளிவந்த ஆட்டோகேட்டில் இத்தகைய உருவைப் பிளாக்கு என்பர். பிளாக்கினோடு சேர்ந்து வரும் சொற்களை அட்ரிபியூட்டு என்பர். யாம் பண்பு என்போம். ஒவ்வொரு பண்புக்கும் பெயர், வினா, விடை என மூன்று உறுப்புக்கள் உண்டு. மரத்தை நடும்பொழுது, 'சுற்றளவு யாது?' என்று கருவி வினவும். வரைவோர் விடை பகர்வர். ஒன்றும் பகராவிடின், முன்னரே அமைத்து வைத்த விடையே அங்குச் சென்று அமரும். இம் முன்விடையைப் பற்றியே யாம் பின்னர் மிகவும் வாதிட்டோம்.

நிற்க. வளாகத்தின் கீழ்புறத்தே மழைநீர்க் கால்வாய் ஒன்று வெட்டுவதென்று முடிவாயிற்று. இருநூற்றுக்கு மேற்பட்ட மரங்களை யாம் அறுவர் நாடா பிடித்து அளந்தோம், நிலத்தினின்று 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்தோம். எண், இனம், சுற்றளவு என்று மூன்று பண்புகள் வைத்தோம். (தமிழில் எழுத விரும்புவோர்க்கு ஒரு சொல்: தமிழெழுத்துள்ள எழுத்துருவைத் தேர்ந்தாலன்றி, படத்தில் வேம்பும் புளியும் வினாக்குறிகளாகவே நிற்கும்.) மரங்களெல்லாம் படத்தில் ஏறிய பின்னர், 'நிலை' என்னும் நான்காம் பண்பொன்று வேண்டுமெனப் பொறியாளர் தரப்பினின்று சொல் வந்தது. எம்மரம் நிற்பது, எம்மரம் வீழ்வது என்பதை அதிற் காட்டுதல் வேண்டுமாம்.

தலைமையுருவைத் திறந்து நான்காம் பண்பைச் சேர்த்தல் எளிது. ஆயின் முன்னரே நடப்பட்ட மரங்களில் அது தானே தோன்றாது. வட்டத்தைப் பெரிதாக்கினால் வட்டமெல்லாம் உடனே பெரிதாகும். பண்போ அங்ஙனம் செல்வதில்லை. அட்சிங்க் என்னும் கட்டளை இட்டாலே பழைய மரங்களும் புதிய பண்பைப் பெறும். பெறும்பொழுது, முன்விடை யாதோ அதனையே எல்லா மரமும் பெறும். இங்கேதான் இடர். கால்வாயின் வழியில் உள்ளன பலவாதலின் 'அகற்றுக' என்பதை முன்விடையாக வைத்து, நிற்பனவற்றை மட்டும் பின்னர்த் திருத்தலாம் என்றார் ஒருவர். வேலை குறையும் என்பது மெய்யே. ஆயின் திருத்த மறந்த மரம் ஒன்றிருப்பின், அதனைக் குறித்து எவரும் ஆராயாமலே கோடரி வந்துவிடும். 'நிற்க' என்று வைத்தலையும் யாம் ஒப்பவில்லை. ஆராயாது காத்ததும் ஆராயாத தீர்ப்பேயன்றோ? இறுதியில் 'ஆராய்க' என்னும் சொல்லையே முன்விடையாக்கினோம்.

இதில் இன்னொன்றும் அறியத்தக்கது. முன்விடையைப் பின்பு மாற்றினும், முன்னரே மரங்களில் ஏறிய விடைகள் மாறமாட்டா. படக்கதை வீரன் பெயர்போல ஒலிக்கும் பாட்மேன் என்னும் கட்டளையால் யாம் இதனைச் செய்து பார்த்தோம். இனி நடப்படும் மரத்துக்கே புதிய முன்விடை உரியதாயிற்று. ஒரு மரத்துக்கு ஒருமுறை அளித்த விடை அம்மரத்தின் உடைமை. தலைமையுரு அதனைப் பறிப்பதில்லை. என்றும் மாறாதது என வகுத்த பண்புக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அதனை மரந்தோறும் தனித்து மாற்றவும் இயலாது. அட்சிங்க் கட்டளை, கையால் நகர்த்தி வைத்த சொற்களைப் பழைய இடத்துக்கே மீட்டுவிடும் என்பதை அறிந்திருந்தமையால், ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்த எழுத்துக்களை விலக்கும் பணியைக் கடைசிக்கு ஒதுக்கினோம்.

பின்னர் நேர்ந்ததை விரிக்க எமக்கு விருப்பமில்லை. ஆயினும் சொல்லாதிருத்தலும் தகாது. படத்தைப் பெற்ற வெளியலுவலகம் ஒன்றில், எழுத்துக்களைப் பெரிதாக்க விரும்பிய எவரோ பிளாக்குகளை எக்ஸ்புளோட் செய்து உடைத்துவிட்டார். உடைத்தால் வட்டம் நிற்கும், புள்ளி நிற்கும். விடைகள் மட்டும் ஒழிந்துபோம். திரும்பி வந்த படத்தில் ஒவ்வொரு மரத்தினருகும் 'எண்', 'இனம்', 'சுற்றளவு', 'நிலை' என்னும் பெயர்களே இருந்தன. இருநூறு மரமும் ஒரே மரமாயின! பர்ஸ்ட் என்னும் கட்டளையால் உடைத்திருப்பின் விடைகள் வெறுமெழுத்தாகவேனும் எஞ்சியிருக்கும். எம்மிடம் மூலப்படம் இருந்தமையால் இழப்பு நேரவில்லை. ஆயினும் அவ்வெறும் பெயர்கள் நிரம்பிய தாளைக் கண்ட அன்று எம்மில் எவரும் நெடுநேரம் பேசவில்லை.

மூலப்படத்தினின்று பண்புகளைப் பட்டியலாக எடுத்துத் தாவரவியல் ஆசிரியரிடம் கொடுத்தோம். அவர் மரம் மரமாக நடந்து, தம் கருத்தைப் பென்சிலால் எழுதித் தந்தார். இவ்வாறு எடுத்த பட்டியல் படத்தினின்று வெளியே வருமேயன்றி, அதில் எழுதியது படத்துக்குத் திரும்பாது. ஆதலின் ஒவ்வொரு வட்டத்தையும் இருமுறை சொடுக்கி, திறக்கும் சிறு பலகையில் விடையை மாற்றினோம். பெயரையும் வினாவையும் அப்பலகை காட்டும். மாற்றவிடுவது விடையை மட்டுமே. விரைவான வழிகள் உண்டு. எனினும் மரத்துக்கு ஒருமுறை நின்று செல்லும் இவ்வழி எமக்குப் பிடித்திருந்தது. 'அகற்றுக' என்று எழுத வேண்டிய இடங்களில் யாம் எண்ணை இருமுறை ஒப்புநோக்கினோம்.

எல்லாம் முடிந்தும் பதினொரு மரங்கள் 'ஆராய்க' என்றே நின்றன. அவற்றுள் கால்வாயின் நடுவழியில் நின்ற பெரிய இலுப்பையும் ஒன்று. அதன்பொருட்டுப் பொறியாளர் இருமுறை வந்து பார்த்து, கால்வாயைச் சிறிது வளைக்க இசைந்தார். அவர் ஓலை வந்த மாலையே, 87 என்னும் எண்ணுடைய வட்டத்தைச் சொடுக்கி, நிலையை 'நிற்க' என்று திருத்தினோம். ஏனைய பத்தும் மறுநாள் ஆராயப்பட்டன.