மலையாளத்தில் ஒரு வரவேற்பு

மார்பில் ‘மாணவியர் தலைவி’ என்னும் பேட்ஜைக் குத்திக்கொண்டு பள்ளி வளாகத்தில் நடப்பதில் ஒரு மிடுக்கு உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. தலைவி, துணைத்தலைவி, இல்லத் தலைவியர் இருவர் என எங்கள் நால்வருக்கும் 2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையிலேயே அந்த மிடுக்கு வந்துவிட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த கையோடு, தலைமையாசிரியைச் சிஸ்டர் எங்களை அழைத்துப் பொறுப்பைத் தந்தார்.

விளையாட்டு விழா என்றால் உடற்கல்வி ஆசிரியை இருக்கிறார். ஆண்டு விழா என்றால் எல்லா ஆசிரியைகளும் இருக்கிறார்கள். ஆனால், புதிய மாணவியரை வரவேற்கும் நாள் மட்டும் முழுக்க முழுக்கத் தலைவியர் கையில் விடப்படுவது நம் பள்ளியின் வழக்கம். அதற்கென ஒரு நீள நோட்டுப் புத்தகம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. ‘பன்னீர்ச் செம்பு ஆய்வக அலமாரியில்’, ‘கற்கண்டு ஒரு கிலோ போதாது’, ‘மைக்கை முந்தின நாளே சோதிக்கவும்’ என்று முன்னாள் தலைவியர் பலர் தத்தம் கையெழுத்தில் எழுதி வைத்த அரிய ஏடு அது! அதைப் படித்ததும் எங்களுக்குத் தோன்றியது இதுதான்: இவர்களெல்லாம் செய்யாத ஒன்றை நாம் செய்ய வேண்டும்.

அலுவலகத்தில் புதியவர் பட்டியலை வாங்கிப் பார்த்தோம். ஆறாம் வகுப்பில் சேர்ந்து விடுதியில் தங்கவிருந்தவர்களில் ஐவர் கல்வராயன் மலையிலிருந்து வருபவர்கள். கரியாலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். இனம் என்ற கட்டத்தில் ஐவர் பெயருக்கும் நேரே ‘மலையாளி’ என்று எழுதியிருந்தது.

கேட்க வேண்டுமா! தாய்மொழியிலேயே வரவேற்றால் அந்தக் குழந்தைகள் எவ்வளவு மகிழ்வார்கள் என்று எங்கள் உள்ளம் துள்ளியது. கேரளத்துக்காரர்கள் நம் மலைமீது எப்படி வந்தார்கள் என்ற கேள்வி நால்வரில் ஒருவருக்குக்கூட எழவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பாலக்காட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் தந்தை வங்கி அதிகாரி. அவள் வீட்டுக்கே சென்று நாலு வாக்கியம் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்தோம். சிஸ்டரிடம் சொல்லவில்லை. அவர்களையும் வியப்பில் ஆழ்த்த வேண்டுமே!

வெயிலின் கொடுமையால் அவ்வாண்டு பள்ளிகள் ஜூன் 12ஆம் நாள்தான் திறந்தன. ஆவணியில் போட வேண்டிய அத்தப்பூக் கோலத்தை, ஆனிகூடப் பிறவாத நாளில், மண்டப வாயிலில் போட்டு வைத்தோம். இறைவணக்கம், வரவேற்பு நடனம் எல்லாம் முறையாக நடந்தன. பிறகு கரியாலூர்ச் சிறுமியர் ஐவரையும் மேடைக்கு அழைத்தோம். எண்ணெய் வழிய வாரிய தலையும், ஓர் அளவு பெரிதாகத் தைத்த புதுச் சீருடையுமாக அவர்கள் ஏறி வந்தார்கள். தலைவி மைக்கைப் பிடித்து, கடைசியில் நின்ற சின்னவளைப் பார்த்து, இனிமையாகக் கேட்டாள்:

“மோளுடெ பேரெந்தா?”

அந்தச் சிறுமி தன் பின்னால் யாரேனும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடி கேட்டோம். அவள் மற்ற நால்வரையும் பார்த்தாள். பின்பு மைக்கில் தெளிவாகச் சொன்னாள்: “எனக்குத் தமிழ்தாங்கக்கா தெரியும்.”

மண்டபம் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. அறுநூறு பேர் சிரித்தால் எப்படியிருக்கும்! எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தோம். அந்தச் சிரிப்பு எங்கள் அறியாமையைப் பார்த்து எழுந்தது என்பது எங்களுக்குத் தெரியும். மேடையில் நின்ற பத்து வயதுச் சிறுமிக்கு அது எப்படித் தெரியும்?

மறுநாளே அவளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ‘சேச்சி’ என்றார்கள் சிலர். ‘ஓணம்’ என்றார்கள் சிலர். உணவுக்கூடத்தில், குழாயடியில், மாடிப்படியில் என எங்கே அவளைக் கண்டாலும் ஒரு குரல் எழும். எங்கள் காதிலும் விழுந்தது. செல்லமாகத்தானே கூப்பிடுகிறார்கள் என்று விட்டுவிட்டோம். உண்மையைச் சொல்வதென்றால், எங்களில் ஒருத்தியே அவளை இருமுறை அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டில் பெயரை வாசிக்கும்போது எழுந்து நிற்பதோடு சரி. அவள் குரலையே தாம் கேட்டதில்லை என்று பின்னர்ச் சொன்னார்.

காலாண்டு விடுமுறை முடிந்தது. கரியாலூர்ப் பக்கத்துப் பெண்கள் நால்வர் விடுதிக்குத் திரும்பினார்கள். அவள் வரவில்லை.

ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சிஸ்டர் எங்களைத் தம் அறைக்கு அழைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனோம். உட்காரச் சொன்னார். அது திட்டுவதைவிடக் கடுமையாக இருந்தது. “மலையாளி என்றால் யார் என்று இப்போதாவது தெரியுமா?” என்று கேட்டார். நாங்கள் தலைகுனிந்தோம். அவரே சொன்னார்.

மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் அமைந்த பெயராம் அது. கேரளத்தோடு தொடர்பில்லை; அவர்கள் பேசுவது தமிழ். கல்வராயன், சவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் பரவி வாழும் பழங்குடியினர் அவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறத்தாழ 7 லட்சத்து 95 ஆயிரம் பேர்; அவர்களுள் மிகப் பெரிய சமூகம் மலையாளிகளே. நம் பள்ளி மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே நீலமாகத் தெரியும் மலையில் வாழ்பவர்களைப் பற்றி, அதன் அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இவ்வளவும் புதுச் செய்தி!

“வரவேற்றவர்கள் நீங்கள். அழைத்து வர வேண்டியவர்களும் நீங்கள்தாம்” என்றார் சிஸ்டர். பெற்றோர் அனுமதி பெற்று, அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, விடுதிச் சிஸ்டரோடு கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டியதும் கோமுகி அணை. அதற்குப் பின் சாலை மலையைச் சுற்றத் தொடங்க, எங்களில் இருவருக்குத் தலையும் சுற்றத் தொடங்கியது. வழியில் பெரியார் நீர்வீழ்ச்சியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அதை ரசிக்கும் நிலையில் நாங்கள் இல்லை. கரியாலூரில் இறங்கியபோது பள்ளத்து வெயில் எங்கோ போய், குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. சுற்றுலா வருவோர் அத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் நடக்க வேண்டியிருந்தது. மரவள்ளிக் கொல்லைகளையும் சாமை விதைத்த சரிவுகளையும் கடந்து ஒரு மணி நேரம். இரவு பெய்த மழையில் வழியெல்லாம் செம்மண் சேறு.

அந்தச் சிற்றூருக்குள் நுழையும்போது எங்கள் தலைவி வழுக்கி விழுந்தாள். சாதாரணமாக அல்ல; சுடிதாரெல்லாம் சேறாக, செருப்பு ஒரு பக்கம் போக, உட்கார்ந்தபடியே ஐந்தாறு அடி சறுக்கிப் போனாள். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து வயதான அம்மா ஒருவர் எழுந்து வந்தார்.

“ஊட்டுக்கு வர்ற புள்ளைங்களப் பாத்துச் சிரிக்கிறதா? ஓடுங்கடா!” என்று அதட்டினார். தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலைவியின் கையைத் துடைத்துவிட்டார். “மொதல்ல காலக் கழுவிக்கிட்டு உள்ள வா கண்ணு” என்றார். நாங்கள் யார் என்று அவர் இன்னும் கேட்கவில்லை. அவர்தாம் அவளுடைய ஆயா என்று எங்களுக்கும் அப்போது தெரியாது.

கால் கழுவத் தண்ணீர் தந்தார். பாயை விரித்தார். “குந்துங்க” என்றார். செம்பில் குடிக்கத் தண்ணீர் வந்தது. அதன்பின் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. சிஸ்டர் வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்கியபோது, “சோறு தின்னுட்டுப் பேசலாம், எங்க போவுது பேச்சு” என்று தடுத்துவிட்டார். பன்னீர் இல்லை, கற்கண்டு இல்லை, மைக் இல்லை. உண்டு முடித்து நிமிர்ந்தபோதுதான், உள்ளறைக் கதவோரம் எங்கள் சின்னவள் நிற்பதைப் பார்த்தோம்.

ஆயாவிடமிருந்து விவரம் அறிந்தோம். தாயும் தந்தையும் கேரளத்தில் மிளகுத் தோட்டத்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு வயதுத் தம்பியை ஆயாதான் பார்த்துக்கொள்கிறார். “அங்க இவங்கப்பன தமிழன்னுதான் கூப்பிடறாங்களாம். இங்க இவள வேற என்னமோ சொல்லிக் கூப்பிடறீங்களாம். அழுவுது” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவருடைய இளமைக் காலத்தில் இம்மலை ஜாகீர்தார்கள் ஆளுகையில் இருந்தது. 1976இல்தான் அரசின் நேரடி நிருவாகம் வந்தது. அந்தக் காலத்தை நினைத்தோ என்னவோ, அவர் சொன்னார்: “அப்பல்லாம் கீழேருந்து ஏறி வர்றவங்க எதையாச்சும் கேட்டுத்தான் வருவாங்க. நீங்க புள்ளையக் கேட்டு வந்திருக்கீங்க.” இது பாராட்டா, குறையா என்று இன்றுவரை எங்களுக்குள் விவாதம் நடக்கிறது.

தலைவி எழுந்து கதவருகே போனாள். பேருந்தில் ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் நினைவுக்கு வரவில்லை. “தப்பு எங்களுடையதுதான். மேடையில் எல்லாரும் எங்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். நீ பள்ளிக்கு வா” என்றாள்.

சிறிது நேரம் கழித்துச் சின்னவள் கேட்டாள்: “வந்தா எம்பேரச் சொல்லிக் கூப்புடுவாங்களாக்கா?”

நாங்கள் சிஸ்டரைப் பார்த்தோம். சிஸ்டர் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுநூறு பேர் வாய்க்கு நாங்கள் நால்வர் எப்படிப் பொறுப்பேற்பது? ஆனாலும், “கூப்பிடுவார்கள்” என்று சொன்னோம்.

அன்று அவள் எங்களோடு வரவில்லை. ஒரு பை நிறையச் சாமையரிசியோடு கீழே இறங்கினோம். பேருந்தில் யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், நடந்ததை ஒன்று விடாமல் தலைவி சொன்னாள், சேற்றில் விழுந்தது உட்பட. பிறகு ஒவ்வொரு வகுப்பாகச் சென்று பேசினோம். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் உடனே கேட்டுக்கொண்டார்கள். கடினமாக இருந்தது எங்கள் வகுப்புத்தான். “இதெல்லாம் ஒரு விளையாட்டுப்பா” என்ற தோழியரோடு இரண்டு நாள் பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று.

தீபாவளி முடிந்த வாரம். தோளில் பையும் கையில் தகரப் பெட்டியுமாக ஒருவர் பள்ளி வாயிலில் நின்றார். கேரளத்திலிருந்து பண்டிகைக்கு வந்தவர், திரும்புமுன் மகளைக் கொண்டுவந்து விட்டார். அன்று மாலைக்குள் இருபது பேராவது, காரணம் இருந்தும் இல்லாமலும், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். அவளுக்கே அலுத்துப்போயிற்று! (அந்தப் பெயரை இங்கே ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். அவளிடம் கேட்டோம். “புத்தகத்துல வேணாங்கக்கா, கூப்புட்டாப் போதும்” என்றாள்.)

2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பள்ளி திறந்தபோது நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பு. புதிய தலைவியருக்கு நீள நோட்டுப் புத்தகத்தை ஒப்படைக்கும் முன் நாங்களும் அதில் ஒரு பக்கம் எழுதினோம்: ‘மேடை வேண்டாம். வேப்பமரத்தடியில் பாய் விரிக்கவும். குடிக்கத் தண்ணீர். பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரவரையே கேட்கவும்.’ அவர்கள் அப்படியே செய்தார்கள். ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்ட சின்னவள் தண்ணீர்ச் செம்போடு சுற்றிச் சுற்றி வந்தாள்.

அப்போது ஒரு காரிலிருந்து ஒரு சிறுமி இறங்கினாள். தந்தைக்கு மாற்றலாகி அந்த வாரந்தான் ஊருக்கு வந்தவளாம், திருச்சூர்ப் பெண். தமிழ் ஒரு சொல் தெரியாது. வாயிற்கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். புதிய தலைவியர் தமிழில் கேட்டார்கள், ஆங்கிலத்தில் கேட்டார்கள், அழுகை கூடிற்று. பாலக்காட்டுப் பெண்ணோ முந்தின ஆண்டே பள்ளியை விட்டுப் போயிருந்தாள். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

சின்னவள் செம்பைக் கீழே வைத்தாள். நேரே அவளிடம் போனாள். தன்னைவிட ஒரு சாண் உயரமான அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்து, “மோளுடெ பேரெந்தா?” என்றாள்.

தன் வயதுக்காரி ஒருத்தி தன்னை ‘மகளே’ என்று கூப்பிட்டதில் அந்தப் பெண்ணுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. தன் பெயரைச் சொன்னாள். தொடர்ந்து மலையாளத்தில் ஏதேதோ சொல்லிக்கொண்டே போனாள். சின்னவளுக்கு அதில் ஒரு சொல்கூடப் புரிந்திராது. தலையை மட்டும் ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு அழைத்து வந்தாள்.

“அந்த வார்த்தை உனக்கு எப்படித் தெரியும்?” என்று பிறகு கேட்டோம்.

“நீங்கதானக்கா அன்னிக்கு மேடையில கேட்டீங்க” என்றாள். “லீவுல எங்கப்பாகிட்ட அர்த்தம் கேட்டு வச்சிருந்தேன்.”